முதலில் கான், பிறகு புல்

பல்கலைக்கழக வளாகத்துக்குள் கோல்ப் திடல் என்றாலே பலருக்கு எரிச்சல் வருகிறது. விடுதிக்கு இடம் போதவில்லை, கார் நிறுத்த இடமில்லை, இத்தனை ஏக்கர் நிலத்தில் நாலு பேராசிரியர்கள் பந்தடிக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ‘யூடவுன்’ வளாகம் 2011-இல் திறந்தது. அது நிற்கும் நிலம் முன்பு வாரன் கோல்ப் மன்றத்தின் திடல். நகரத்தில் நிலம் விற்கும் விலைக்கு, பயன் காட்ட முடியாத திடல் ஒருநாள் கட்டடமாகிவிடும்.

நிலைத்து நிற்கும் வளாகத் திடல்களும் இருக்கின்றன. நம் நாட்டில் கெடா, சிந்தோக்கில் உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் திடல் 1926-இல் திறந்தது. அண்மையில் கில் ஹான்ஸ் என்ற வடிவமைப்பாளரைக் கொண்டு அதைப் புதுப்பிக்கும் வேலையில் இறங்கினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத் திடல் 1931-இலிருந்து இருக்கிறது.

நான் பந்திங்காரன். தோட்டத்தில் பிறந்தவன். கோல்ப் திடல் பராமரிப்பு எனக்குச் சோறு போடும் தொழில். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பல்கலைக்கழகம் தன் பழைய ஒன்பது குழித் திடலைப் புதுப்பிக்க முடிவெடுத்தபோது, களமேற்பார்வை என்னிடம் வந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. அங்கே கற்றதைச் சொல்கிறேன். கோல்ப் ஆடாதவர்களுக்கும் இதில் சேதி உண்டு. மழை பெய்தால் குளமாகிற தமிழ்ப்பள்ளித் திடலுக்கும் இதே கணக்குதான்.

சுருக்கம் இதுதான்: உங்கள் ஆட்களால் பராமரிக்க முடிகிற அளவுக்கு மட்டும் கட்டுங்கள். அதற்கு முதல்படி, தண்ணீருக்கு வழி.

மழையில் நடந்து பாருங்கள்

புதுப்பிப்பு என்றதும் பல்கலைக்கழகத்தின் திடல் குழுவினர் முதலில் கேட்டது, “என்ன புல் போடப் போறீங்க?” புல் கடைசிக் கேள்வி. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,400. அதுவும் இங்கே பரவலாகத் தூறிக்கொண்டிருப்பதில்லை. பிற்பகலில் இடியோடு இறங்கி, ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். ஏப்ரலை ஒட்டி ஓர் உச்சம், அக்டோபர், நவம்பரில் இன்னோர் உச்சம். ஜூன், ஜூலை கொஞ்சம் மூச்சுவிடும் காலம்.

ஆகவே வரைபடக்காரர் வருவதற்கு முன்னால் ஒரு மழைக்காலத்தைத் திடலில் நடந்து கழியுங்கள். நாங்கள் மூன்று நிறக் கொடிகள் வைத்துக்கொண்டோம். மழை விட்டதும் தண்ணீர் நிற்கிற இடத்தில் நீலக் கொடி. மறுநாள் காலையிலும் நின்றால் அங்கே மஞ்சள். அதற்கும் மறுநாள் மண்ணை மிதித்தால் சப்பாத்து அமுங்குகிறதா, அங்கே சிவப்பு. இந்தக் கொடிகளைக் கைப்பேசியில் படமெடுத்து வரைபடத்தில் குறித்தால் போதும். விலை கொடுத்து வாங்கும் ஆய்வறிக்கையில் இருக்கிற முக்கால்வாசி விஷயம் அதில் வந்துவிடும். நீலம் பெரும்பாலும் தானாகச் சரியாகும். மஞ்சளுக்குச் சரிவைத் திருத்த வேண்டும். சிவப்புக்குத்தான் குழாயும் பணமும்.

வெளிவாசலிலிருந்து தொடங்குங்கள்

பந்திங் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வடிகால் வேலை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கேரித் தீவு, ஜூக்ரா, மோரிப் எல்லாம் கடல்மட்டத்தை ஒட்டிய களிமண் நிலம். உள்ளே போனால் கரிமண் சதுப்பு. அங்கே செம்பனை நிற்கிறதென்றால், பண்டு கட்டிக் கடலைத் தடுத்து, தண்ணீர்க் கதவு வைத்து, கடல் வற்றும்போது திறந்து ஏறும்போது மூடுவதால்தான் நிற்கிறது. மர வரிசைகளுக்கு நடுவே கான் என்கிற சின்ன வடிகால், அவை சேர்கிற நடுக் கான், அதிலிருந்து பெரிய கான், கடைசியில் கதவு. வெட்டுகிறவர்கள் கதவுப் பக்கத்திலிருந்துதான் மேலே வெட்டிக்கொண்டு போவார்கள்.

பல்கலைக்கழகத் திடல் மேடும் பள்ளமுமான உள்நாட்டு நிலம். அங்கே தண்ணீர் தேங்குவதைவிட வேகமாக ஓடுவதுதான் தொல்லை. ஆனாலும் விதி ஒன்றே. எங்களோடு வேலை செய்த மூத்தவர் ஒருவர், கேரித் தீவில் கான் வெட்டியவர். வரைபடத்தைக் காட்டியதும் விரலை வைத்துக் கேட்டார்: “தம்பி, இந்தக் கான் மேட்டுல ஏறுதே. தண்ணி ஏறுமா?”

“இல்லண்ணே, அங்க மண்ண வெட்டி இறக்குவாங்க.”

“சரி. இறக்கிக் கொண்டுபோயி எங்க விடுவாங்க?”

அந்தக் கேள்விக்குத்தான் வரைபடத்தில் பதில் இல்லை. திடலின் தண்ணீர் போய்ச் சேர வேண்டிய பெரிய சிமெண்டுக் கால்வாய் வளாகப் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பில் இருந்தது. அதில் முழங்கால் உயரம் வண்டல். நாங்கள் போடவிருந்த குழாயின் வாய் அந்த வண்டலுக்குக் கீழே வரும். கால்வாயைத் தூர்வாரி முடிக்கும்வரை திடலில் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். வேலை தள்ளிப் போனது, குழுவுக்கு வருத்தம்தான். ஆனால் வாய் அடைத்த குழாயைப் புதைத்திருந்தால் பணம் முழுவதும் மண்ணுக்குள் போயிருக்கும்.

மேடுள்ள நிலத்துக்கு இன்னொரு குறிப்பு: மேலேயிருந்து வரும் தண்ணீரை மேட்டின் அடிவாரத்திலேயே குறுக்குக் கான் போட்டு மறித்துத் திருப்புங்கள். திடலுக்குள் விட்டுவிட்டு அங்கிருந்து வெளியேற்றப் பார்ப்பது இரட்டைச் செலவு.

கிரீனை வெட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்

பந்தை உருட்டிக் குழியில் போடும் இடம் கிரீன். பழைய திடல்களில் அந்த இடத்து மண்ணையே குவித்து மேலே புல் போட்டிருப்பார்கள். எங்கள் திடலின் நாலாவது கிரீனில் நீளக் கத்தியால் ஒரு அடி ஆழத்துக்குச் சதுரமாக வெட்டி எடுத்தோம். பக்கவாட்டில் பார்த்தால் அந்தத் திடலின் வரலாறு தெரிந்தது. மேலே விரல்கடை அளவுக்கு அழுகிய வேரும் தண்டும் பின்னிய பஞ்சு. அதற்குக் கீழே வெள்ளை மணல், பிறகு பழுப்பு மணல், மறுபடி வேறொரு மணல். ஒவ்வொரு நிர்வாகமும் அந்தந்தக் காலத்தில் கிடைத்ததைத் தூவியிருக்கிறது. நடுவில் மைபோலக் கறுப்பாக ஒரு கோடு. மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் போகாத இடத்தில் கந்தக வாயு கட்டிக்கொள்வதால் வருவது அது. வேர் அந்தக் கோட்டுக்குமேல் நின்றுவிட்டது.

கறுப்புக் கோடு மெல்லியதாக, மேலாக இருந்தால் குழல் ஊசியால் துளைத்து, மண்ணை எடுத்துவிட்டு, நல்ல மணலால் நிரப்பி ஓரிரு ஆண்டில் மீட்கலாம். ஆழமாக இருந்து, அடியில் வடிகாலும் இல்லையென்றால் இடித்துக் கட்டுவதுதான் வழி. ஒன்பதையும் ஒரே தீர்ப்பில் இடிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனியாக வெட்டிப் பாருங்கள்.

இடித்துக் கட்டுவதற்கு அமெரிக்க கோல்ப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை. அடியில் 100 மில்லிமீட்டர் குழாய்கள், ஒன்றுக்கொன்று நாலரை மீட்டருக்கு மிகாத இடைவெளியில். அவற்றின் மேல் 100 மில்லிமீட்டர் சரளை. அதன்மேல் 300 மில்லிமீட்டர் மணற்கலவை. கலவை, ஸ்பஞ்சு போலத் தன் அளவுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, மிஞ்சியதை மட்டும் சரளைக்கு இறக்கும். வெயிலிலும் வேர் காயாது, மழையிலும் அழுகாது.

மணலின் கணக்கைக் குழுவுக்கு முன்கூட்டியே போட்டுக் காட்டுங்கள். ஒரு கிரீன் 450 சதுர மீட்டர் என்றால் அதற்கு மட்டும் 135 கன மீட்டர் மணல். ஒன்பதுக்கு 1,200 கன மீட்டருக்குமேல். சரளை இன்னொரு 400. அத்தனை லோரியும் வளாகச் சாலையில்தான் வர வேண்டும். தேர்வு வாரத்தில் அனுமதிக்க மாட்டார்கள்.

சிலாங்கூரில் மணலுக்குப் பஞ்சமில்லை. பழைய ஈயச் சுரங்க நிலங்களும் ஆறுகளும் தருகின்றன. ஆனால் கட்டடத்துக்கு நல்ல மணல் கிரீனுக்கு நல்ல மணலாக இருக்காது. மணியில் குறைந்தது 60 விழுக்காடு கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். களியும் வண்டலும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஆய்வுக்கூடச் சான்று வாங்குங்கள். அதோடு நிற்காதீர்கள். முதல் லோரி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். ஒவ்வொரு லோரியிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்போம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்தால் மணல் உள்ளே. கலங்கியே இருந்து, மேலே சேற்று வளையம் படிந்தால் லோரி வந்த வழியே திரும்பும். வாசலில் போத்தல்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்த பிறகு ஓட்டுநர்களே சுத்தமான மணலாகப் பார்த்து ஏற்றிவந்தார்கள்.

புல்லை ஆள்கணக்கு பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

நம் ஊர்ப் பழைய திடல்களில், ஆட்டம் தொடங்கும் இடத்துக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள ஃபேர்வே என்றால் ‘கவ் கிராஸ்’ என்கிற அகல இலைப் புல். நிழலைத் தாங்கும், அதிகம் கேட்காது, ஆனால் பந்து அதில் புதைந்து உட்காரும். கிரீனில் பெரும்பாலும் கலப்பின பெர்முடா; நம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்லும் அதே குடும்பம். டிஃப்டுவார்ஃப் என்ற ரகம் 1965-இலிருந்து வழக்கத்தில் உள்ளது. பின்னால் வந்த டிஃப்ஈகிள் போன்ற ரகங்களை மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டலாம். பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். பதிலுக்கு அவை ஓயாமல் கீறல், மணல் தூவல், உரம் என்று கேட்கும்.

இங்கேதான் வளாகத் திடலின் வரவுசெலவு பேச வேண்டும். ஒன்பது கிரீன்களும் சேர்த்து ஏறக்குறைய ஓர் ஏக்கர். கையால் தள்ளிச் செல்லும் வெட்டு இயந்திரத்தின் அகலம் 22 அங்குலம். ஒருமுறை வெட்டி முடிக்க ஆள் நடக்க வேண்டிய தூரம் 7 கிலோமீட்டருக்குமேல். திரும்பும் தூரம் சேர்க்காமல். இதை வெயில் ஏறுவதற்கு முன்னால், அநேகமாக எல்லா நாளும் செய்ய வேண்டும். ஒருவர் விடுப்பில் போனால் யார் நடப்பது?

நாங்கள் கிரீனுக்கு அதிகம் கேட்காத ரகமே போட்டு, நாலு மில்லிமீட்டரில் வைத்தோம். தொலைக்காட்சியில் வரும் வேகம் வராது. மாணவர்களுக்கும் ஓய்வுபெற்ற விரிவுரையாளர்களுக்கும் அது தேவையுமில்லை. கிரீனின் வேகத்தை அளக்க எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-இல் கண்டுபிடித்த சாய்வுக் கோலிலிருந்து விட்ட பந்து எட்டு, ஒன்பது அடி உருண்டால் போதும்.

தண்ணீரையும் பாருங்கள். பந்திங், மோரிப் கடலோரத்தில் பாய்ச்சும் நீரில் உப்பு ஏறும். அங்கே கடற்கரை பாஸ்பலம், மணிலாப் புல் இரண்டும் தாக்குப்பிடிக்கும். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடல்நீரை வெவ்வேறு அளவில் கலந்து ஊற்றிப் பார்த்த சோதனைகளிலும் இவை முன்வரிசையில் நின்றன. உள்நாட்டு வளாகத்துக்கு அந்தக் கவலை இல்லை; வேறு புல்லுக்கு அங்கே இடமிருக்கிறது.

எந்தப் புல் போட்டாலும், ஒதுக்குப்புறமாக அதே மணலில் அதே புல்லை ஒரு பாத்தி வளர்த்து வையுங்கள். கிரீனில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போட வெளியே ஓட வேண்டாம்.

மரத்தை வெட்டாதீர்கள், குழியை நகர்த்துங்கள்

பெர்முடாவுக்கு நிழல் ஆகாது. வளாகத்தில் மரம் இல்லாமல் இருக்காது. தூங்குமூஞ்சி மரம் ஒன்று குடை விரித்தாற்போல இரண்டாவது கிரீனை மூடியிருந்தது. வெட்டலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த மரத்தடியில் பட்டமளிப்பு நாளில் படம் எடுக்காத குடும்பமே இல்லை. கிரீனை எப்படியும் இடித்துத்தான் கட்டப்போகிறோம், கிழக்கே தள்ளிக் கட்டினால் காலை வெயில் முழுக்கக் கிடைக்கும் என்று காட்டினோம். மரத்தடிக்கு கவ் கிராஸ். வளாகத்தில் மரத்தைத் தொட்டால் திடலுக்கு எதிரிகள்தான் பெருகுவார்கள்.

பங்கர்களைக் குறையுங்கள்

மணல் பள்ளம் பார்க்க அழகு. நம் மழைக்கு அது தீராத வேலை. ஒரு மழை அடித்தால் சரிவில் நிற்கும் மணல் அடியில் வந்து கிடக்கும், கூடவே செம்மண்ணும். மறுநாள் முழுக்க இரண்டு பேர் அதை வாரி மேலேற்ற வேண்டும். அமெரிக்காவின் புகழ்பெற்ற அகஸ்டா திடலையே 1933-இல் திறந்தபோது 22 பங்கர்களோடுதான் வடிவமைத்தார் அலிஸ்டர் மெக்கென்சி. ஒன்பது குழிக்கு அதைவிட அதிகம் வைத்திருந்த எங்கள் திடலில் பாதிக்குமேல் மூடிப் புல் பள்ளமாக்கினோம். பந்து விழுந்தால் ஆடுவதற்கு அதுவும் கடினம்தான். பராமரிக்க இயந்திரம் ஏறி இறங்கினால் போதும்.

களைக்கு மருந்தைவிடக் கை

நம் திடல்களின் பெரிய எதிரி சம்பாவ் புல். தட்டையாகப் படர்ந்து, வேரை ஆணிபோல இறக்கிக்கொள்ளும். கிளைபோசேட் மருந்துக்கு மடங்காத சம்பாவ் 1997-இல் மலேசியாவில் பதிவானது. சம்பாவில் உலகிலேயே அதுதான் முதல். ஆகவே மருந்துக்காரர் சொல்வதை அப்படியே நம்பித் திடலை ஒப்படைக்க முடியாது.

மருந்து விஷயத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு நினைவும் உண்டு. முதுகில் தோம்பு கட்டி மருந்தடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். 2002-இல் தெனாகானித்தா அமைப்பு அவர்களுடைய உடல்நிலையைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்குத் தடை அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் முழுத்தடை வந்தது. எங்களோடு களையெடுத்த அக்கா ஒருவர் அந்தக் காலத்தில் மருந்தடித்தவர். வலது கை நகங்கள் இரண்டு இன்னமும் கோணலாகத்தான் வளர்கின்றன. கிரீன் ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மழுங்கிய கத்தியைச் சம்பாவின் தோளில் சாய்த்துக் குத்தி, ஒரு திருகு திருகி, வேரோடு எடுத்துக் கூடையில் போடுவார்.

“மருந்தடிச்சா இல வாடும் தம்பி. வேரு உள்ள இருந்து சிரிக்கும்” என்றார்.

கிரீனுக்கும் அதைச் சுற்றிய ஓரத்துக்கும் கைக்களைதான் சரி. பூப்பதற்கு முன் எடுத்துவிட்டால் அடுத்த பருவத்தில் வேலை பாதியாகக் குறையும். மற்ற இடங்களில் மருந்து தேவைப்பட்டால் ஒரே வகையைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். அடிக்கிறவருக்கு முகமூடியும் கையுறையும் மாற்றுடையும் குளிக்க இடமும் கொடுங்கள். அடித்த இடத்தில் மலாய், ஆங்கிலம், தமிழில் பலகை வையுங்கள். மாணவர்கள் குறுக்கே நடக்கிற இடம் அது.

பந்து எங்கே பறக்கும்?

வலக்கையால் ஆடுகிற சாதாரண ஆட்டக்காரரின் பந்து பெரும்பாலும் வலப்பக்கம் வளையும். ஆகவே வலப்பக்கம் நடைபாதையோ பேருந்து நிறுத்தமோ உள்ள குழிதான் ஆபத்தான குழி. வலை கட்டுவது தற்காலிகம். முதல் அடி அடிக்கும் இடமான ‘டீ’யை நகர்த்தி, ஆடும் திசையை இடப்பக்கம் திருப்புங்கள். அல்லது தூரத்தைக் குறைத்து, பெரிய மட்டை எடுக்கத் தேவையில்லாத குழியாக்குங்கள். எங்கள் திடலில் நீளமான குழி ஒன்று இப்படிக் குட்டையானது. பழைய ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நூலகத்துக்கு நடக்கிற பிள்ளையின் தலைக்கு முன்னால் அந்த முணுமுணுப்பு பெரிதல்ல.

திடல் வளாகத்துக்கு என்ன தரும்?

2021 டிசம்பர் 18 அன்று வந்த வெள்ளத்தை கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் மறக்கவில்லை. ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வீடுகள் முழுகின. கட்டடம் கட்டுகிறவர் தன் நிலத்து மழைநீரைத் தன் நிலத்திலேயே தேக்கி மெல்ல விட வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி நூல் சொல்லும் முறை. 2012-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. வளாகத்தில் மழைநீரைத் தேக்கக் கிடைக்கிற பெரிய இடம் கோல்ப் திடல்தான். இரண்டு குளங்களை ஆழப்படுத்தி, பக்கத்துக் கட்டடங்களின் கூரைநீரும் கார் நிறுத்துமிட நீரும் அவற்றுக்கு வரும்படி செய்தோம். அந்த நீரே பாசனத்துக்கும். ஆறு மாசுபட்டுக் குழாய்த் தண்ணீர் நிற்கிற நாட்களில், குடிநீரைப் புல்லுக்கு ஊற்றுகிறார்கள் என்ற பழி இல்லை.

இது புதிய யோசனையல்ல. பர்டியூ பல்கலைக்கழகத்தின் காம்பென் திடலை பீட் டை 1998-இல் புதிதாக அமைத்தபோது, சதுப்புக் குளங்களை உள்ளடக்கி, சுற்றுப்புறத்து அழுக்குநீர் அவற்றின் வழியே தெளிந்து போகிற மாதிரி செய்தார். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளே வரும் நீரையும் வெளியே போகும் நீரையும் சோதித்துக் கட்டுரை எழுதினார்கள். அப்படி ஒரு திடலை ‘வெட்டி நிலம்’ என்று யாரும் சொல்ல முடியாது. மண், நீர், தாவரம், விளையாட்டு நிர்வாகம் படிக்கிறவர்களுக்குத் திடலின் ஒரு மூலையைத் திறந்து விடுங்கள். மாலையில் ஆட்டம் முடிந்த பிறகு ஓரப் பாதையில் நடக்க எல்லாரையும் விடுங்கள்.

குளம் என்றால் கொசுவும் பேச்சில் வரும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுகாதார அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். மீனுள்ள குளத்தைவிட, மூடி உடைந்த வால்வுப் பெட்டியிலும் கவிழ்க்காத வாளியிலும்தான் ஏடிஸ் இருக்கும். வாரம் ஒருமுறை மூடிகளைத் திறந்து பார்க்க ஓர் ஆளை எழுத்தில் நியமியுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

ஒன்று, மண் மூடுவதற்கு முன் ஒவ்வொரு குழாய்க்கும் அளவுநாடாவோடு படம். முடிவில், உண்மையில் எங்கே என்ன புதைத்திருக்கிறது என்ற வரைபடம். அது இல்லாமல் கடைசித் தவணை இல்லை.

இரண்டு, பிடித்தம். பொதுவாக ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு வரை பிடித்து வைப்பார்கள். அதை விடுவிக்கும் தேதி, புல் போட்ட பிறகு வரும் அக்டோபர், நவம்பர் மழை முடிந்த பின்பாக இருக்கட்டும். வடிகால் வேலையை மழைதான் சோதிக்க முடியும்.

மூன்று, மண் வேலை ஜூன், ஜூலையில். ஈரக் களிமண்ணில் கனரக இயந்திரம் ஏறினால் அந்த அமுக்கம் பல ஆண்டு போகாது.

நான்கு, திறப்பு விழா. பிரமுகர் கிடைக்கிற தேதிக்குத் திடலைத் திறக்கச் சொல்லி நெருக்குவார்கள். துண்டுப் புல் நட்டு மூன்று மாதமாவது ஆகாமல் கிரீனில் கால் வைக்க விடாதீர்கள். விழா வேண்டுமானால் குளக்கரையில் மரம் நடச் சொல்லுங்கள்.

ஐந்து, பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். கட்டும் பணம் ஒரு கணக்கு. ஐந்தாண்டுப் பராமரிப்பு இன்னொரு கணக்கு. இரண்டாவது கணக்குக்குப் பணம் உறுதியாகாவிட்டால், ஒன்பதை ஆறாகக் குறைத்து, மீதியைப் பயிற்சித் திடலாக்குங்கள். ஆறு நல்ல குழிகள் ஒன்பது சேற்றுக் குழிகளைவிட மேல்.

உங்கள் வளாகத்திலோ, பள்ளியிலோ, தோட்டத்திலோ திடலைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தால், முதல் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகும்? மூன்றாவது வருஷம் இதை யார் வெட்டுவார்கள்? ஆடாதவர்களுக்கு இதனால் என்ன கிடைக்கும்? மூன்றுக்கும் பதில் எழுத்தில் வரும்வரை புல்லைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.